ஃபேனைப் பிரிச்ச பையன்

அண்ணனுக்கு வணக்கம்,

ரெண்டு வருஷமா உங்களைப் படிக்கிறேன், எழுதுறது இதான் முதல் தடவை. என் பையன் பாலிடெக்னிக் முதல் வருஷம். போன வாரம் நல்லா ஓடிக்கிட்டிருந்த ஃபேனைப் பிரிச்சுப் போட்டுட்டான், ஏன்டான்னு கேட்டா "நான் ஹேக்கர்பா"ங்கிறான். ஹேக்கர்னா பேங்க் கணக்குல புகுந்து காசு அடிக்கிறவன்னுதான் எனக்குத் தெரியும். இவன் அது ஒரு கொள்கை, தத்துவம்னு பேசுறான். நெஜமாவே தத்துவமா, இல்ல சாக்கா? பயமா இருக்குண்ணே.

ஒரு அப்பா, ஈசூன், சிங்கப்பூர்

அன்புத் தம்பிக்கு,

ஃபேன் இப்ப ஓடுதா? அதை மட்டும் எழுதாம விட்டுட்டீங்க. ஓடுதுன்னா பாதி பயம் போயிடும்.

பையன் சொல்றது பொய் இல்ல. ஹேக்கர்னா பிரிச்சுப் பாத்துக் கத்துக்கிட்டு அதைப் பகிர்ந்துக்கிறவன்ங்கிற அர்த்தம் கிளம்புனது அமெரிக்காவுல எம்ஐடிங்கிற பல்கலைக்கழகத்துல, 1950கள் கடைசியில, பொம்மை ரயில் விடுற ஒரு மாணவர் கிளப்புல. தண்டவாளத்துக்கு அடியில ஒயரும் ரிலேயுமா (கரண்ட்ல இயங்குற சுவிட்ச்) பின்னி விளையாண்ட பசங்க அப்படியே கம்ப்யூட்டர் பக்கம் போனாங்க. எழுதுன புரோகிராமை காகித டேப்புல குத்தி மெஷின் பக்கத்து டிராயர்ல போட்டு வச்சிருவாங்க, யார் வேணா எடுக்கலாம், இன்னும் நல்லா ஆக்கித் திரும்பப் போடலாம். பீட்டர் டாய்ச்னு 12 வயசுப் பையன் ஒருத்தனையும் சேத்துக்கிட்டாங்க, வேலை தெரியுமான்னு மட்டும்தான் பாத்தாங்க, வயசைப் பாக்கல.

இதெல்லாம் எனக்குப் புரிஞ்சது புத்தகத்துல இல்ல தம்பி. 96-ல எங்க சங்கத்துக்கு ஒரு மலர் போட்டோம், ராத்திரி ராத்திரியா முழிச்சு டைப் பண்ணி பிளாப்பியில எடுத்துக்கிட்டு அச்சகத்துக்குப் போனா அங்க திரையில ஒரு தமிழ் எழுத்தைக் காணோம், தலையில கொம்பு வச்ச இங்கிலீஷ் எழுத்தாக் கொட்டுது. அப்பல்லாம் ஒவ்வொரு ஃபாண்டும் 'அ'வை ஒவ்வொரு நம்பர்ல வச்சிருக்கும். ஃபாண்ட் வித்தவர்கிட்ட போன் போட்டு எந்த எழுத்து எந்த நம்பர்னு ஒரு பட்டியல் குடுங்கண்ணே, எங்க கட்டுரையைத்தானே படிக்கணும்னோம். தொழில் ரகசியம்னு வச்சுட்டாரு.

கூட இருந்த நண்பர் ஒருத்தர், கப்பல் பட்டறையில வேலை, ஒவ்வொரு கீயா அடிச்சுப் பாத்து ஸ்கூல் நோட்டுல பட்டியல் போட்டாரு, கோப்பிக்கடையில உக்காந்து. நாலு நாள்ல மாத்துற புரோகிராம் ரெடி. கேட்டவனுக்கெல்லாம் காப்பி போட்டுக் குடுத்தாரு, பிளாப்பி லேபிள்ல பால்பாயிண்ட்ல 'தப்பு இருந்தா திருத்தி எனக்கும் ஒண்ணு அனுப்பு'ன்னு எழுதி. காசு வாங்கல.

1980 வாக்குல அதே எம்ஐடியில புரோகிராமரா இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதான். அவங்க லேபுக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரிண்டர் குடுத்துச்சு, காகிதம் அடிக்கடி சிக்கும். சிக்கினா எல்லார் திரையிலயும் தகவல் வர்ற மாதிரி பழைய பிரிண்டருக்கு அவரே செஞ்சு வச்சிருந்தாரு, புதுசுக்கு மூல நிரல், அதாவது திருத்துறதுக்கு வேண்டிய புரோகிராமோட மூல வடிவம், கிடைக்கல, அது கையில இருந்த ஒருத்தர்கிட்ட நேர்ல போய்க் கேட்டா யாருக்கும் தர மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்னுட்டாரு. அந்தக் கோவம் உள்ளயே கிடந்து 1983-ல யார் வேணா பாக்கலாம், திருத்தலாம், பகிரலாம்ங்கிற மென்பொருளுக்கான குனு திட்டமா வெளிய வந்துச்சு.

நம்ம ஊர்லயே நா. கோவிந்தசாமி இருந்தாரு. கதை எழுதுறவர், தமிழ் விரிவுரையாளர், கம்ப்யூட்டர் இன்ஜினியர் இல்ல. யாராவது செஞ்சு தரட்டும்னு உக்காராம கணியன்ங்கிற தமிழ் மென்பொருளைக் கொண்டு வந்தாரு. 1997 மே மாசம் இந்த எழுத்துக் குழப்பத்தையும் பேசறதுக்கு சிங்கப்பூர்ல தமிழ் இணைய மாநாடு கூடுச்சு.

அதுக்காக அந்த எம்ஐடிக் கூட்டத்தைக் கோயில் கட்டிக் கும்பிடவும் வேணாம். ஆளைப் பாக்காதே வேலையைப் பாருன்னாங்க, சரி, அந்த ரூம்ல பொண்ணுங்க எத்தனை பேரு? ராத்திரி பூரா மெஷின் முன்னாடி உக்கார யாருக்கு வாய்க்கும், காலைல எந்திரிச்சு சோறு பொங்க வேண்டியவளுக்கா?

இப்ப உங்க பயம். பிரிச்சது உங்க வீட்டு ஃபேன், திட்டுறதோட போகட்டும். பக்கத்து வீட்டு வைஃபைல கை வச்சா தத்துவம் பேசித் தப்பிக்க முடியாது. 2006-ல 17 வயசுப் பையன் ஒருத்தனை அதுக்கே இங்க கோர்ட்டுக்கு இழுத்தாங்க, கம்ப்யூட்டர் மிஸ்யூஸ் ஆக்ட் 93-லேர்ந்து இருக்கு, அனுமதி இல்லாம நுழைஞ்சா முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், ரெண்டுமே கூட வரலாம். இதை மெரட்டுற மாதிரி இல்லாம பக்கத்துல உக்காந்து சொல்லுங்க. அவன் கத்துக்கிட்டதை யாருக்காவது சொல்லிக் குடுத்திருக்கானான்னும் கேளுங்க, எனக்கு அதுதான் முக்கியம், பிரிக்கிறதுக்கு ஸ்க்ரூடிரைவர் இருந்தாப் போதும்.

ஃபேன் இன்னும் ஓடலைன்னா தூக்கிப் போட்றாதீங்க. ரிப்பேர் கோப்பித்தியாம்னு தன்னார்வலர்கள் 2014-லேர்ந்து நடத்துறாங்க, உடைஞ்சதை எடுத்துட்டுப் போனா சும்மா சரி பண்ணித் தர மாட்டாங்க, நம்ம கையில ஸ்க்ரூடிரைவரைக் குடுத்து நம்மளையே செய்ய வைப்பாங்க. ரெண்டு பேருமாப் போங்க. மிச்சமான ஸ்க்ரூ எதுவும் இருந்தா அதையும் பைல போட்டு எடுத்துக்குங்க.

அன்புடன்,
அண்ணன்