செலினா: சாவுக்கு முன் இருந்த புகழ்

அன்புள்ள சார்,

டெக்சாஸ் பாடகி செலினா கின்டனீயாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, ஜெனிபர் லோபஸ் நடித்த 1997ஆம் ஆண்டுப் படத்தைத் தேடிப் பார்த்தேன். படம் பிடித்திருந்தது. ஆனால் ஒரு சந்தேகம். 23 வயதில் சுட்டுக் கொல்லப்படாமல் இருந்திருந்தால் இவரை இன்று யாராவது நினைத்துப் பார்ப்பார்களா? ஸ்பானிஷ்கூட ஒழுங்காகத் தெரியாமல் ஸ்பானிஷ் பாட்டு பாடியவர் என்கிறார்கள். இது சாவினால் வந்த புகழ்தானே? அப்புறம் அந்த அப்பா. பிள்ளைகளை வைத்துப் பிழைத்தவர் என்றே எனக்குப் பட்டது. உங்கள் கருத்து என்ன? கேட்க ஆரம்பிப்பதென்றால் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

ர., திருப்பூர்

அன்புள்ள ர.,

ஆங்கிலத்தில் மட்டும் செய்தி படித்துக்கொண்டிருந்த அமெரிக்கர்களில் நிறையப் பேர் செலினா என்ற பெயரையே 1995 மார்ச் 31க்குப் பிறகுதான் கேள்விப்பட்டார்கள். ‘பீப்பிள்’ வார இதழ் அவருக்காகப் போட்ட அஞ்சலிச் சிறப்பிதழ் விற்ற வேகத்தைப் பார்த்துத்தான் அதன் முதலாளிகள் ஸ்பானிஷ் பதிப்பையே தொடங்கினார்கள். அவர்களுக்கு அவர் கதை சாவில் ஆரம்பிக்கிறது. படம் வழியாகப் போகிற நாமும் அதே வாசலில்தான் நுழைகிறோம்.

கொலைக்கு முந்தைய பதின்மூன்று மாதங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1994 மார்ச்சில் அவருடைய நேரடிக் கச்சேரிப் பதிவுக்குக் கிராமி விருது. அதே மாதம் வந்த ‘அமோர் புரோஹிபிடோ’ ஆல்பம், அப்போதே பெரிய நட்சத்திரமாக இருந்த பாடகி குளோரியா எஸ்தபானின் ‘மி தியேரா’வை அமெரிக்க லத்தீன் ஆல்பப் பட்டியலின் முதலிடத்திலிருந்து இறக்கியது. அதிலிருந்த மூன்று பாட்டுகள் அந்த ஆண்டுக்குள்ளேயே லத்தீன் பாடல் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தன. 1995 பிப்ரவரி 26 அன்று ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் அரங்கில் அவர் பாடியபோது 60,000 பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். சாவினால் வந்த புகழ் என்றால் இந்தக் கூட்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

அவர் பாடியது டெஹானோ இசை. டெக்சாஸில் குடியேறிய ஜெர்மானியர்களும் செக் மக்களும் கொண்டுவந்த அக்கார்டியனும் போல்கா தாளமும் அங்கிருந்த மெக்சிகோ வம்சாவளியினரின் பாட்டோடு கலந்து உருவான வகை. கல்யாணம், பிறந்தநாள் விருந்து, வார இறுதி நடன அரங்கு என்று ஓடிக்கொண்டிருந்த தொழில் அது. மேடை ஆண்களுடையது. லாரா கனாலெஸ் போல ஓரிருவரைத் தவிர, பெண் பெயரைப் போட்டால் கூட்டம் வராது என்பதுதான் ஏற்பாட்டாளர்களின் நினைப்பு. அங்கேதான் பத்து வயதை ஒட்டிய ஒரு பெண் வந்து நின்றார்.

அப்பா ஆபிரகாம் இளவயதில் ‘லாஸ் டினோஸ்’ என்ற குழுவில் பாடியவர். பிறகு குடும்பத்துக்காக ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை. அதையும் விட்டு, லேக் ஜாக்சன் ஊரில் ‘பாப்பகாயோஸ்’ என்று ஓர் உணவகம் திறந்தார். பிள்ளைகள் அங்கேயே வாசித்தார்கள்: அண்ணன் ஏ.பி. பேஸ் கிட்டார், அக்கா சுசெட் டிரம்ஸ், கடைக்குட்டி செலினா பாட்டு. எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த பொருளாதாரச் சரிவில் உணவகம் மூழ்கியது, வீடும் போயிற்று. கார்ப்பஸ் கிறிஸ்டிக்குக் குடிபெயர்ந்து, ‘பிக் பெர்த்தா’ என்று பெயர் வைத்த ஒரு பழைய பஸ்ஸில் நாடகக் கம்பெனி மாதிரி ஊர் ஊராகப் போனார்கள். 

செலினாவின் பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. பிறகு அஞ்சல் வழியில்தான் முடித்தார். அப்பாவைப் பற்றி நீங்கள் நினைப்பதில் உண்மை இருக்கிறது. குடும்பக் கடனை அடைக்கும் வேலை பிள்ளைகள் தலையில் விழுந்தது, அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆனால் அவரை வெறும் கங்காணியாகப் பார்த்தால், தான் தோற்ற தொழிலின் சந்துபொந்தெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்ததை விட்டுவிடுவோம். மகளும் ஒன்றும் வாயில்லாப் பூச்சி இல்லை. குழுவின் கிட்டார் கலைஞர் கிறிஸ் பெரெஸை அப்பா வேலையை விட்டே துரத்திய பிறகும், 1992 ஏப்ரலில் வீட்டுக்குத் தெரியாமல் போய் அவரையே கல்யாணம் செய்துகொண்டார்.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். உண்மைதான், வீட்டில் புழங்கியது ஆங்கிலம். ஆரம்பப் பாட்டுகளையெல்லாம் அப்பா சொல்லச் சொல்ல ஒலியாகத்தான் மனப்பாடம் செய்தார். ஆனால் டெக்சாஸில் அவரைக் கேட்டவர்களில் பெரும்பகுதியினரும் அப்படித்தானே இருந்தார்கள்? பாட்டி ஸ்பானிஷ் பேசுவார், பேத்திக்குப் பாதி புரியும். தங்களைப் போலவே தடுமாறுகிற ஒருத்தி மேடையில் அதை வெட்கமில்லாமல் பாடுவதை அவர்கள் ரசித்தார்கள். மெக்சிகோவுக்குப் பாடப் போனபோது, ஸ்பானிஷையே பேசி வளர்ந்த அங்குள்ள நிருபர்கள் முன்னால் அந்தத் தடுமாற்றம் ஆபத்தாகியிருக்கலாம். செலினா சிரித்துக்கொண்டே சமாளித்துவிட்டார்.

‘பிடி பிடி பாம் பாம்’ பாட்டு பிறந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். குழு சும்மா வாசித்துக்கொண்டிருந்தபோது, கடலில் ஜாலியாக நீந்தும் ஒரு மீனைப் பற்றி ஆங்கிலத்தில் வாய்க்கு வந்ததைப் பாடிக்கொண்டிருந்தார். அது கும்பியா என்ற லத்தீன் அமெரிக்க நடனத் தாளத்தில் ஏறி, வரி மாறி, காதலனைக் கண்டதும் நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தமாக ஆயிற்று. கேட்டால் இரண்டாவது தடவையே உங்களுக்கும் வாயில் வந்துவிடும்.

கொலையைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. ரசிகர் மன்றத் தலைவியும் செலினாவின் துணிக்கடை நிர்வாகியுமான யோலாண்டா சால்டிவார், பணத்தைக் கையாடியது தெரியவந்து கேள்வி எழுந்த நிலையில், ஒரு மோட்டலில் அவரைச் சுட்டார். ஆயுள் தண்டனை. 30 ஆண்டுகள் கழித்து 2025இல் பரோலும் மறுக்கப்பட்டது. அவ்வளவுதான்.

சாவு எதையுமே சேர்க்கவில்லை என்று நான் சொல்லவில்லை. 1995 ஜூலையில் வெளிவந்த ‘டிரீமிங் ஆஃப் யூ’ ஆல்பம் முதல் வாரத்திலேயே அமெரிக்காவின் முக்கிய ஆல்பப் பட்டியலான பில்போர்டு 200இல் முதலிடம் பிடித்தது. வாங்கியவர்களில் எத்தனையோ பேர் துக்கத்தில் வாங்கியவர்கள். ஆனால் கடையில் வரிசையில் நிற்கத் துக்கம் வேண்டுமென்றால், அதற்கு முன்பே ஒரு பிரியம் இருந்திருக்க வேண்டும் இல்லையா? அந்தத் தொகுப்பை எனக்கு முழுதாகப் பிடிக்காது என்பது வேறு விஷயம். ஆங்கிலப் பாட்டுகளில் குரல் அழகாக இருக்கிறது, ஆனால் அந்தக் காலத்து வேறு யாரும்கூடப் பாடியிருக்கக்கூடிய பாட்டுகள்.

அதனால் அதில் ஆரம்பிக்காதீர்கள். ஆஸ்ட்ரோடோம் கச்சேரியின் வீடியோவைப் பாருங்கள். தானே வடிவமைத்த ஊதா நிற உடையில், பழைய ஆங்கில டிஸ்கோ பாட்டுகளைக் கோத்துத் தொடங்குவார். அங்கிருந்து ஸ்பானிஷுக்குத் தாவும்போது கூட்டத்தின் சத்தத்தைக் கவனியுங்கள். பிறகு ‘கோமோ லா ஃப்ளோர்’. அதில் இசை வேகம் எடுப்பதற்கு முன் முதல் வரியை எவ்வளவு நேரம் இழுத்து நிறுத்துகிறார் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.