பள்ளிக்கரணையில் தண்ணீர் தெளிந்துவிட்டால் மாசு போய்விட்டது என்று அர்த்தமா?

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் மழைக்குப் பிறகு தண்ணீர் தெளிவாக இருக்கிறதே, இனி அங்கே பிடிக்கிற மீனைச் சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாசு போகவில்லை, சேற்றுக்குள் இறங்கியிருக்கிறது.

பெருங்குடியில் 1980களிலிருந்து குப்பை கொட்டியது சதுப்பு நிலத்தின் மேலேயேதான். கசிவைத் தடுக்க அடியில் எதுவும் போடவில்லை. பேட்டரி, பெயின்ட் டப்பா, டியூப் லைட் எல்லாம் ஊறி, மழையில் கருப்புக் கஷாயமாக வடியும். அதிலுள்ள ஈயம், காட்மியம், துத்தநாகம் தண்ணீரிலேயே ரொம்ப நாள் இருக்காது. களிமண்ணும் மக்கிய சம்புப் புல்லும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நான் வேளச்சேரியில் வளர்ந்தவன். ஒரு கோடையில் கரையோரச் சேற்றை ஒரு கை அள்ளினேன். மேலே தோல் மாதிரி கொஞ்சம் பழுப்பு. அதற்குக் கீழே மை போலக் கருப்பு, அழுகின முட்டை நாற்றம். உருட்டி ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டுப் பறவை பார்க்கப் போனேன். மத்தியானம் வந்து பார்த்தால் உருண்டை வெளியே பழுப்பாகியிருந்தது. உடைத்தால் உள்ளே இன்னும் கருப்பு.

காற்றுப் புகாத சேற்றில் சல்பைடு என்ற கந்தகச் சேர்மம் உண்டாகிறது. இரும்போடு சேர்ந்தால் அந்தக் கருப்பு. ஈயமும் காட்மியமும்கூட அதோடு சேர்ந்து கரையாமல் கட்டுண்டு கிடக்கும். சேறு காய்ந்து காற்றுப் பட்டால் கட்டு அவிழும், அடுத்த மழையில் உலோகம் மறுபடி தண்ணீருக்கு வரும். தூர்வாரின சேற்றைக் கரையிலேயே குவித்துக் காயவிடுவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பாதரசம் இதற்கு நேர்மாறு. காற்றில்லாத அதே சேற்றில்தான் சில பாக்டீரியாக்கள் அதை உடம்பில் எளிதாகச் சேரும் நச்சு வடிவமான மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது புழுவிலிருந்து சின்ன மீனுக்கு, அதிலிருந்து விராலுக்கு என்று ஏறிக்கொண்டே போகும். சதையிலேயே தங்குவதால் எவ்வளவு கழுவினாலும் சமைத்தாலும் போகாது.

2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது, பழைய குப்பையைப் பிரித்து அகற்றும் வேலையும் தொடங்கியது. ரொம்பச் சந்தோஷம். ஆனால் குப்பை போன பிறகும் சேறு அங்கேயேதான் இருக்கும். தண்ணீரை மட்டும் சோதித்தால் போதாது. மழைக்கு முன்னும் பின்னும் சேற்றையும் எடுத்துச் சோதித்து, முடிவை எல்லோருக்கும் தெரியும்படி வெளியிட வேண்டும்.

சரி, மீன் விஷயம். கெளுத்தி சேற்றைக் கிளறித் தின்கிற மீன். குப்பைமேட்டுப் பக்கம் பிடித்தது என்று தெரிந்தால் நான் வாங்க மாட்டேன், குழந்தைகளுக்குக் கொடுக்கவே மாட்டேன்.