கை தளர்வதற்கு முன்பே கால் தளர்ந்துவிடும்

கேள்வி: பேஸ்பால் பார்க்க இப்போதுதான் பழகியிருக்கிறேன். ஆறாவது இன்னிங்ஸில் பிட்சரின் (பந்து எறிபவரின்) வேகம் கொஞ்சமும் குறையவில்லை, ஆனாலும் மேனேஜர் வந்து பந்தை வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவிடுகிறார். கை சோர்ந்துவிடும் என்ற பயமா?

பதில்: கையையும் வேகத்தையும் மட்டும் பார்த்தால் இந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும். வேகம் பிறப்பது காலிலும் இடுப்பிலும். முன்கால் ஊன்றியதும் இடுப்பு முதலில் திரும்பும், தோள் சற்றுப் பின்தங்கும், அந்த முறுக்கு அவிழும்போது கை சாட்டை நுனி மாதிரி சுழன்று வரும். சோர்வு வந்தால் பலருக்கு இந்தப் பின்தங்கல் குறைகிறது, பந்தை விடும் நேரத்தில் முன்பக்கம் சாய வேண்டிய உடம்பு நிமிர்ந்தே நிற்கிறது. எல்லோருக்கும் ஒரே மாதிரி வராது, ஆனால் அந்தப் பந்தைப் பிடிக்க எதிரே உட்கார்ந்திருக்கும் கேட்சரின் கையுறையைக் கவனியுங்கள்: அவர் தாழ்வாகக் கேட்ட பந்து மார்பு உயரத்துக்கு வர ஆரம்பித்தால் கதை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வேகமானி இதைத் தாமதமாகத்தான் சொல்லும், ஏனென்றால் கால் கொடுக்காததைக் கையாலேயே ஈடுகட்டப் பார்ப்பார் பிட்சர்.

வம்பு அங்கேதான். தோள் நொடிக்கு 7,000 டிகிரிக்கும் மேலான வேகத்தில் சுழலும் எறிதல் இது. கை பின்னால் வளைந்து நிற்கும் கணத்தில் முழங்கையின் உள்பக்கம் தாங்கும் திருகுவிசை, அங்கே எலும்புகளைப் பிணைக்கும் தசைநார் தனியாகத் தாங்கக்கூடியதைவிட அதிகம். மிச்சத்தை முன்கைத் தசைகள் பங்குபோட்டுக்கொள்கின்றன. தசை களைத்துப்போனால் அந்தப் பங்கும் தசைநாரின் தலையில்தானே விழும்? அது அறுந்தால் செய்யும் அறுவை சிகிச்சைக்கு டாமி ஜான் என்று ஒரு பிட்சரின் பெயரே நிலைத்துவிட்டது. 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் அவருடைய மற்றொரு கையிலிருந்து தசைநாண் (தசையை எலும்போடு இணைப்பது) எடுத்துப் பொருத்தினார், மனிதர் 1976-இல் திரும்பி வந்து 1989 வரை ஆடினார். எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது, பிட்சர். ஒரு நாளில் எத்தனை பந்து எறியலாம்?

பதில்: இளம் பிட்சர்களுக்காக அமெரிக்காவில் வகுத்த 'பிட்ச் ஸ்மார்ட்' விதிப்படி 11-12 வயதுக்கு உச்சவரம்பு 85. அதற்காக 85 வரை எறிந்தே தீர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, 66-ஐத் தொட்டாலே நான்கு நாள் ஓய்வு. வலிக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், பையன்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். சோர்வு இருக்கிறதா என்று கேளுங்கள், ஏனென்றால் கை சோர்ந்த பிறகும் வழக்கமாக எறிந்துவந்த பதின்வயதினர் அறுவை சிகிச்சை வரை போன வாய்ப்பு 36 மடங்கு அதிகம் என்று ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. அப்புறம், எறிந்து முடித்த அன்றே அவனைக் கேட்சராக நிறுத்த யாராவது கூப்பிட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். கேட்சரும் நாள் முழுக்க எறிந்துகொண்டேதான் இருக்கிறான்.