கதையைக் கரைக்கு இழுங்கள்

கேள்வி: விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஜூலை கடைசிக்குள் ஒரு குறும்படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். வலை பின்னும் ஒரு தாத்தா, கடலுக்குப் போய்த் திரும்பாத அவர் மகன், 'நான் கடலுக்குப் போகமாட்டேன்' என்று சொல்லும் பேரன். இதுதான் கதை. 14 பக்கம் எழுதிவிட்டேன். இரவில் கடலில் படகு தத்தளிப்பது, தனுஷ்கோடியில் டிரோன் ஷாட், பாம்பன் பாலத்தில் ரயில் போவது எல்லாம் அதில் இருக்கிறது. நாங்கள் ஐந்து பேர். இரண்டு ஆண்ட்ராய்டு போன், ஒரு ட்ரைபாட், ஒரு காலர் மைக் வைத்திருக்கிறோம். இதற்கு முன் எதுவும் எடுத்ததில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?
வாசகி, மண்டபம்

பதில்: நல்ல கதை. மகன் போன விதத்தைக் காட்டாமலே, தாத்தாவின் கையையும் பேரனின் பேச்சையும் வைத்துச் சொல்லிவிட முடிகிற கதை. அதனால் இரவுக் கடல், டிரோன், பாலம் மூன்றையும் இன்றைக்கே அடித்துவிடுங்கள்.

டிரோனுக்கு உங்கள் பக்கம் அனுமதி வாங்குவது மாணவர் வேலை அல்ல. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத்தளம் இருக்கிறது, எதிரே எல்லைக் கடல். பாலம் ரயில்வே சொத்து. அங்கே ட்ரைபாட் விரித்தால் கேள்வி வரும். ரயில் கடக்கும் ஓசையைத் தூரத்தில் நின்று பதிவு செய்து, தாத்தா ஊசியை நிறுத்திக் கேட்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், பாலம் படத்துக்குள் வந்துவிடும். தனுஷ்கோடியின் இடிந்த சுவர்களை எடுக்காத கேமரா இல்லை. அதை உங்கள் படத்திலும் பார்க்க யாருக்கும் ஆசை இருக்காது.

அடுத்தது பக்கக் கணக்கு. ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்பது தோராயம். 14 நிமிடப் படத்தில் ஒரு ஷாட் சராசரி 7 விநாடி என்றால் 120 ஷாட். முதல் முறை எடுக்கிற குழு ஒரு நாளில் 15 முதல் 20 ஷாட் வரைதான் முடிக்கும். கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும். தாத்தாவாக நடிப்பவர் ஒரு வாரம் உட்காரமாட்டார். 5 நிமிடத்துக்குச் சுருக்கினால் 43 ஷாட், மூன்று நாள். ஒரே கரை, ஒரே படகு, இரண்டே பேர். இந்த அளவுக்கு எழுதுங்கள்.

இடம் பார்க்கப் போகும்போது கண்ணை விடக் காதைக் கூர்மையாக வைத்துக்கொண்டு போங்கள். ஜூலை கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதம். உங்கள் ஊருக்கு இரண்டு பக்கமும் கடல் இருப்பது பெரிய வசதி. இந்த மாதத்தில் தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடக்கே பாக் நீரிணைப் பக்கம் அலை அடங்கிக் கிடக்கும். வடகரையில் எடுங்கள். (வாடைக் காலத்தில் எடுத்தால் இது அப்படியே தலைகீழ்.) மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ஜூலையில் விசைப்படகுகள் தொழிலுக்குத் திரும்பியிருக்கும், படகுத்துறையில் இன்ஜின் சத்தமும் ஐஸ் வண்டியும் ஓயாது. அதனால் நாட்டுப்படகுகளை மணலில் ஏற்றி வைக்கும் சின்னக் கரையாகத் தேடுங்கள். ஊர்த் தலைவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். கல்லூரிக் கடிதத்தின் நகல் ஒன்றைக் காவல் நிலையத்தில் கொடுத்துவையுங்கள். தீவுப் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா எல்லைக்குள் வருபவை, வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது.

கரையில் எடுக்கும் முதல் படங்கள் பெரும்பாலும் கெட்டுப்போவது சத்தத்தில்தான். படம் கொஞ்சம் இருட்டினாலும் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். வசனத்தின் மேல் 'புர்ர்' என்று காற்று அடித்தால் போனை மூடிவிடுவார்கள். காற்று நேராக மைக்கின் சவ்வில் மோதும்போது சிக்னல் எல்லை மீறி வெட்டுப்படுகிறது. வெட்டுப்பட்ட இடத்தில் குரலே பதிவாகியிருக்காது, அதனால் எந்த சாஃப்ட்வேரும் அதை மீட்டுத் தராது. மைக்கைத் தாத்தாவின் சட்டைக்கு உள்ளே, நெஞ்செலும்புக்கு மேல் டேப்பால் ஒட்டுங்கள். சட்டை பருத்தியாக இருக்கட்டும், பாலியெஸ்டர் உரசும். அவர் சட்டையில்லாமல் துண்டோடு இருப்பதுதான் பொருத்தம் என்றால், மைக்கை வலைக் குவியலுக்குள் ஒளித்து, வாயிலிருந்து இரண்டடிக்குள் வையுங்கள். வெளியே வைக்கிற மைக்குக்கு ரோமத்துணி உறை வேண்டும். கடையில் வாங்க வழியில்லை என்றால் பொம்மையின் ரோமத்துணியை வெட்டிச் சுற்றலாம். தங்கையின் கரடிக்குட்டி தப்பாது.

இரண்டாவது போனை ரெக்கார்டராக வைத்து, 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகப் பதியுங்கள். அளவுமுள் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏரோப்ளேன் மோடு மறக்க வேண்டாம். ஒவ்வொரு டேக்குக்கும் கேமரா முன் கை தட்டுங்கள், எடிட்டில் படத்தையும் ஒலியையும் பொருத்த அந்த ஒரு தட்டு போதும்.

வசனக் காட்சிகளைப் படகின் மறைவில் வையுங்கள். காற்று தென்மேற்கிலிருந்து வந்தால் படகின் வடகிழக்குப் பக்கம் உட்கார வேண்டும். காலை 6 மணிக்குத் தொடங்கினால் 9 வரை காற்று ஓரளவு அடங்கியிருக்கும், வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். எனவே பேச்செல்லாம் காலையில், பேச்சில்லாதது பிறகு.

அலைக்கு ஒரு சிக்கல் உண்டு. ஒரு ஷாட்டில் அலை உடையும் நேரம், அடுத்த ஷாட்டில் அலை பின்வாங்கும் நேரம். இரண்டையும் ஒட்டினால் வெட்டுமிடத்தில் சத்தம் குதிக்கும். இதற்காகவே யாரும் பேசாமல் அலையை மட்டும் மூன்று நிமிடம் பதிந்து, காட்சி முழுக்க அடியில் ஓடவிடுங்கள். குதிப்பு மறைந்துவிடும்.

இனி வெளிச்சம். சூரியன் தாழ்ந்திருக்கும்போது கிடைக்கும் பொன்னிற வெளிச்சத்தை 'கோல்டன் ஹவர்' என்று படித்திருப்பீர்கள். நம் அகலாங்கில் அது ஒரு மணி நேரமெல்லாம் கிடையாது. சூரியன் இங்கே செங்குத்தாக இறங்கும், 6 பாகை உயரத்திலிருந்து அடிவானம் தொட 25 நிமிடம்தான். ஜூலையில் உங்கள் ஊரில் உதயம் ஏறக்குறைய 6:00, மறைவு 6:40. மாலையில் 6:10 முதல் 6:40 வரைக்கும் மூன்று ஷாட்டுக்கு மேல் திட்டமிடாதீர்கள். ஒத்திகையை 5:30க்கே முடித்து, ட்ரைபாட் கால் மணலில் புதைந்த இடத்தை அடையாளம் வைத்துக் காத்திருக்க வேண்டும்.

உச்சி வெயிலில் மணலில் நிற்பவர் முகத்தை எடுத்தால் கண் இருக்கும் இடத்தில் இரண்டு கருங்குழிதான் தெரியும். 11 முதல் 3 வரை ஓலைக் கொட்டகை நிழலின் விளிம்பில் உட்கார வைத்து, முகத்தை வெளிப்பக்கம் திருப்புங்கள். வெள்ளை மணலே கீழிருந்து ரிஃப்ளெக்டர் வேலை செய்யும். வெயில் நேராக விழுந்தால் ஒரு வெள்ளை வேட்டியை இரண்டு பேர் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தால் போதும். தெர்மாகோல் முழுத் தாள் இந்தக் காற்றில் பறக்கும், பாதியாக வெட்டிக் கையில் பிடியுங்கள்.

போனில் ஆட்டோவை நம்பாதீர்கள். மேகம் கடந்தால் முகம் வெளுத்துக் கறுக்கும், சட்டை மஞ்சளுக்கும் நீலத்துக்கும் தாவும். ஓபன் கேமரா போல, எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) பூட்ட விடும் ஆப் ஒன்றைப் போடுங்கள். வெயிலுக்கு ஒயிட் பேலன்ஸ் 5600 கெல்வின். வேகம் விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒளி விழும் நேரம்) 1/50 விநாடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வீட்டுக்குள் டியூப் லைட்டும் மினுங்காது. சாதாரண ஆப்கள் ஃபிரேம் வேகத்தை அவ்வப்போது மாற்றும், அப்படி எடுத்ததில் தனியாகப் பதிந்த ஒலி ஒரு நிமிடத்துக்குள் உதட்டை விட்டு விலகத் தொடங்கலாம்.

ஆனால் கரை வெயிலில் 1/50 வைத்தால் படம் வெள்ளைக் காகிதமாகிவிடும். கணக்கு இதுதான்: போன் லென்ஸின் திறப்பு எஃப் 1.8 என்று நிலையாக இருக்கும். ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 50இல், நேர் வெயிலில் அதற்குச் சுமார் 1/4000 ஷட்டர் வேண்டும். அதை 1/50 பக்கம் கொண்டுவர ஆறு ஸ்டாப் குறைக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும்), அதாவது ஒளியைக் குறைக்கும் கருங்கண்ணாடியான என்.டி. 64 ஃபில்டர். கிளிப் வைத்துப் போனில் மாட்டுவது கிடைக்கிறது. ஒளிக்குறைப்பைத் திருகி மாற்றும் வகையைக் கடைசி வரை திருகாதீர்கள், வானத்தில் பெருக்கல் குறி போலக் கருநிழல் விழும். ஃபில்டரே இல்லையென்றால் ஷட்டரை உயர்த்தித்தான் ஆக வேண்டும். அப்போது ஊசி ஓட்டும் கை வெட்டி வெட்டித் தெரியும், அந்த ஷாட்களை நிழலுக்கு மாற்றிவிடுங்கள்.

உங்கள் படத்தின் உயிர் வலைக் காட்சி. அதைப் பிரித்துப் பார்ப்போம். முதலில் அகலமாக ஒரு ஷாட், காட்சி முழுவதும் நிறுத்தாமல். பிறகு தாத்தா மட்டும், இடுப்புக்கு மேல். பேரன் மட்டும், அதே அளவில். கை, வலை ஊசி, முடிச்சு மட்டும் மிக நெருக்கத்தில். கடைசியாக, படகில் மகன் உட்காரும் காலி இடம். ஐந்து ஷாட், ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு டேக். இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அகல ஷாட்டில் அவர் கிழிசலைப் பின்னி முடித்துவிடுவார். நெருக்கமாக எடுக்க உட்காரும்போது பின்ன ஓட்டை இருக்காது! ஒரே அளவில் மூன்று நான்கு கிழிசல் உள்ள வலையாகக் கேட்டு வாங்குங்கள், அல்லது அகல ஷாட்டில் முடிச்சை இறுக்காமல் கையை மட்டும் ஓட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஷாட் முடிவிலும் வலையையும் துண்டையும் போட்டோ எடுக்கும் வேலையை ஒருவரிடம் கொடுங்கள். அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

தாத்தாவையும் பேரனையும் இணைக்கும் கற்பனைக் கோட்டின் ஒரே பக்கம் கேமரா நிற்கட்டும், இல்லையென்றால் இருவரும் ஒரே திசையில் பார்ப்பது போலத் தெரியும். கடல் பின்னால் தெரிந்தால் சோதிப்பது எளிது: கடல் சட்டென்று காணாமல் போனாலோ பக்கம் மாறினாலோ கோட்டைத் தாண்டிவிட்டீர்கள்.

நிஜமான வலைக்காரர் ஒருவரையே நடிக்கக் கேட்பது நல்லது. ஆனால் வசனத்தாளை அவர் கையில் கொடுக்காதீர்கள். 'பேரன் இப்படிச் சொல்றான், நீங்க என்ன சொல்வீங்க தாத்தா?' என்று கேளுங்கள். அவர் சொல்வது நீங்கள் எழுதியதை விட நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். தொழிலுக்குப் போகாத நாளை அவரிடமே கேட்டுக் குறியுங்கள், அந்த நாளுக்கான கூலியைக் கொடுங்கள்.

இரவுக் காட்சி ஒன்றாவது வேண்டுமே என்று மனம் அடித்துக்கொண்டால், சூரியன் மறைந்த பின் வரும் 20 நிமிடத்தைப் பயன்படுத்துங்கள். ஒயிட் பேலன்ஸை 3200 கெல்வினுக்கு இறக்கினால் எல்லாம் நீலமாகும். எக்ஸ்போஷரை இரண்டு ஸ்டாப் குறைத்து, பேரன் கையில் மஞ்சள் வெளிச்சம் தரும் டார்ச் கொடுங்கள். முழங்கால் ஆழத்தில் நங்கூரமிட்ட வள்ளம் போதும், பெரியவர் ஒருவர் தண்ணீரில் கூட நிற்கட்டும்.

மற்றவை சுருக்கமாக. உப்புத் திவலை படிந்த லென்ஸை உலர்துணியால் தேய்த்தால் உப்புத்துகள் கீறும். முதலில் ஊதி, நல்ல தண்ணீரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி, பிறகு துடையுங்கள். போனை மணலில் வைத்தால் சூடேறி நடு டேக்கில் அணைந்துவிடும். 4கே பதிவு விநாடிக்கு 50 மெகாபிட் என்றால் நிமிடத்துக்கு 375 எம்.பி. படத்தைப் போலப் பத்து மடங்கு எடுத்தாலும் 50 நிமிடம், சுமார் 19 ஜி.பி. அன்றன்றைக்கே இரண்டு இடத்தில் நகல் எடுத்த பிறகுதான் போனில் அழிக்க வேண்டும். எடிட்டுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு போதும். சினிமாப் பாட்டு போடாதீர்கள், உரிமைப் பிரச்சினை.

கல்லூரியில் கொடுப்பதற்கு நான்கு நாள் முன்பாவது ரஃப் கட்டை (முதல் எடிட்டை) தாத்தாவுக்குப் போட்டுக் காட்டுங்கள். முடிச்சு ஒரு ஷாட்டில் ஒரு மாதிரியும் அடுத்ததில் வேறு மாதிரியும் இருந்தால் அவர் கண்ணுக்குத்தான் முதலில் படும், திரும்ப எடுக்க அந்த நான்கு நாள் வேண்டும்.