பிங்யாவோ: மதிலும் உண்டியலும் (கேள்வி பதில்)

கேள்வி (கல்லூரி மாணவி ஒருவர்): சீனாவில் பழைய அமைப்பு சிதையாத சிறு நகரம் ஏதேனும் உண்டா?

பதில்: சான்சி மாகாணத்தில், தையுவானுக்குத் தென்மேற்கே உள்ள பிங்யாவோவைத் தயங்காமல் சொல்வேன். மிங் வம்சத்தின் தொடக்கத்தில், 1370இல், விரிவாக்கிக் கட்டப்பட்ட மதில் சுமார் 6 கிலோமீட்டர் சுற்றளவில் இன்றும் ஊரை வளைத்து நிற்கிறது. அதன் ஆறு வாயில்களைத் தலை, வால், நான்கு கால்கள் என உருவகித்து, அதனை ஆமை நகரம் என்பார்கள்.

கேள்வி (வங்கி ஊழியர்): சீன வங்கித்தொழில் அங்கேதான் தொடங்கியது என்கிறார்களே?

பதில்: பணம் அனுப்பும் தொழிலைப் பொறுத்தவரை அது சரியே. ஊரில் லீ குடும்பத்தாருக்குச் சொந்தமான சாயக்கடைக்குப் பெய்ஜிங்கிலும் கிளை இருந்தது. வெள்ளியைச் சுமந்து சென்றால் வழிப்பறிக்கு ஆளாக நேரிடும் என்று அஞ்சிய வணிகர்கள், ஒரு கிளையில் பணத்தைச் செலுத்தி மறு கிளையில் பெற்றுக்கொண்டார்கள். கடையின் மேலாளர் லெய் லியூதாய், 1823 வாக்கில் இதையே தனித் தொழிலாக்கி, 'ரிஷெங்சாங்' நிறுவனத்தைத் தொடங்கினார். செட்டிநாட்டு நகரத்தாரின் உண்டியலை, அதாவது ஓர் ஊரில் செலுத்திய பணத்தை வேறோர் ஊரில் பெற உதவும் பணச்சீட்டை, அறிந்தவர்களுக்கு இம்முறை எளிதில் விளங்கும்.

என்னைப் பெரிதும் வியக்கவைப்பது அவர்களின் பாதுகாப்பு ஏற்பாடு. உண்டியல் எழுதுபவரின் கையெழுத்து மாதிரி எல்லாக் கிளைகளிலும் இருந்தது. தேதியும் தொகையும் சங்கேத எழுத்துகளில் குறிக்கப்பட்டன. 'போலி உண்டியலால் ஏமாறாதே, கையெழுத்தையும் முத்திரையையும் உற்றுநோக்க மறவாதே' என்னும் பொருள்படும் 12 எழுத்து வாசகம் ஒன்றில், ஒவ்வோர் எழுத்தும் ஒரு மாதத்தைக் குறித்தது. குமாஸ்தாவுக்கான எச்சரிக்கையே மாதங்களுக்கான சங்கேதமாகவும் அமைந்துவிட்டது.

கேள்வி (வரலாற்று ஆசிரியர்): அத்தகைய செல்வம் ஏன் நிலைக்கவில்லை?

பதில்: அப்போது சீனாவை ஆண்ட சிங் வம்ச அரசின் வரிப்பணத்தைக் கொண்டுசேர்ப்பது, பணம் அனுப்பும் இத்தகைய நிறுவனங்களுக்குப் பெருவருவாயாக இருந்தது. நவீன வங்கிகள் அந்த வேலையைப் பறித்தன. 1911 புரட்சியில் அரசே வீழ்ந்தது. 1914இல் ரிஷெங்சாங் நொடித்துப்போயிற்று.

கேள்வி (கட்டடக்கலை மாணவர்): மற்ற ஊர்களின் மதில்கள் இடிக்கப்பட்டபோது இது எவ்வாறு தப்பியது?

பதில்: முதற்காரணம் வறுமை, இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கு ஊரிடம் பணமில்லை. 1980களின் தொடக்கத்தில் பழைய தெருக்களை அகலப்படுத்தும் பணி தொடங்கியபோது, ஷாங்காயிலுள்ள டோங்ஜி பல்கலைக்கழகத்தின் நகரமைப்பு வல்லுநர் ருவான் யீசான் அதைத் தடுத்து, புதிய நகரத்தை மதிலுக்கு வெளியே அமைக்கும் திட்டத்தை வகுத்தார். 1997இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஆயினும், மதிலின் வெளிமுகம் செங்கல்லாக இருந்தாலும் உள்ளீடு இடித்துக் கெட்டித்த மண்ணே. 2021 அக்டோபரில் பெய்த கனமழையில் அதன் உட்புறத்தில் சுமார் 25 மீட்டர் நீளப் பகுதி சரிந்தது.