அப்பா தலைக்குள்ள காத்துன்னு ரிப்போர்ட்ல வந்திருக்கு, பயப்படணுமா?

கேள்வி: அக்கா வணக்கம். அப்பாவுக்கு 71 வயசு. பொங்கல் சமயத்துல பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாரு, லேசான வீக்கம்தானேன்னு விட்டுட்டோம். ரெண்டு மாசம் கழிச்சு நடை தள்ளாட ஆரம்பிச்சு, சோத்த பிசைய வலது கை வரல. சிடி எடுத்தா மூளைக்கு மேல பழைய ரத்தம் கட்டியிருக்குன்னு ஓட்டை போட்டு எடுத்தாங்க. இப்ப பேச்சு, கை எல்லாம் பரவால்ல, ஆனா மறுநாள் ஸ்கேன்ல உள்ள காத்து இருக்குன்னு போட்டிருக்கு. கேட்டா "அது போயிடும்"னு ரெண்டே வார்த்தை சொல்லிட்டு போயிட்டாங்க. எங்க அத்தை இது காத்து கருப்பு, மந்திரிச்சு கயிறு கட்டணும்ங்கறாங்க. தம்பி கோயம்புத்தூர்ல இருக்கான், ஃப்ளைட்ல கூட்டிட்டு வாங்கறான். என்ன பண்றது?
- வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: தம்பி, அத்தை ஆசைக்கு கயிறு கட்டிக்கட்டும், தையல் மேல மட்டும் திருநீறு பட வேணாம். இது நாம மூச்சு விடற அதே காத்துதான். வீட்ல கேன் தண்ணிய டிஸ்பென்சர்ல கவுத்தா குபுக் குபுக்னு குமிழி மேல ஏறும்ல, தண்ணி இறங்கின இடத்த காத்து புடிக்குது. அப்பா தலையிலயும் அதான் நடந்திருக்கு. வயசானா மூளை கொஞ்சம் சுருங்கும், அதுவும் ரெண்டு மாசமா ரத்தம் அமுக்கி வெச்ச மூளை, ரத்தத்த எடுத்த உடனே பந்து மாதிரி எழும்பாது, மெதுவாத்தான் விரியும், அதுவரைக்கும் அந்த இடத்துல காத்தும் கொஞ்சம் நீரும் இருக்கும். நியூரோ வார்டுல நர்ஸா இருந்த காலத்துல இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் காத்தே இல்லாத ஸ்கேன் வந்தாதான் எனக்கு ஆச்சரியம். பெரும்பாலும் ரெண்டு மூணு வாரத்துல ரத்தத்துல கரைஞ்சு போயிடும். ஆக்சிஜன் வெக்கறதும் அதுக்குத்தான், அந்த காத்துல முக்கால்வாசி நைட்ரஜன், ஆக்சிஜன் அத சீக்கிரமா கழுவி எடுத்துடும்.

இன்னொரு வேடிக்கை கேளுங்க. 1918-19ல அமெரிக்காவுல வால்டர் டான்டின்னு ஒரு சர்ஜன் வேணும்னே மூளைக்குள்ள காத்த ஏத்தி எக்ஸ்ரே எடுத்தாரு, அப்பதான் உள்ள இருக்கற அறைகள் படத்துல தெரியும்னு. 1971ல சிடி வந்த பிறகுதான் அந்த வழக்கம் மெல்ல ஒழிஞ்சுது, பாவம் அந்த பேஷன்ட்டுங்க தலைவலில துடிச்சிருப்பாங்க.

ஆபத்து எப்பன்னா, சைக்கிள் டியூப் வால்வு மாதிரி காத்து உள்ள போகுது வெளிய வரல, அப்ப மூளைய அமுக்கும். இது அபூர்வம்தான், ஆனா வந்தா காத்திருக்கற வேலையே இல்ல. ரிப்போர்ட்ல இருக்கற வார்த்தைய விட்டுட்டு அப்பா முகத்த பாருங்க. நேத்து காபி கேட்டவரு இன்னைக்கு தட்டி எழுப்பினாலும் தூங்கி வழியறாரா, தலைவலி ஏறுதா, வாந்தி, ஃபிட்ஸ், பேச்சு குழறல், கை திரும்பவும் சோர்வு? இதுல ஒண்ணு வந்தாலும் 108. பழைய ரத்தமே மறுபடி சேந்தாலும் இதே அறிகுறிதான், அது ஒண்ணும் அபூர்வம் இல்ல. 2009ல இங்கிலாந்துல வந்த ஆய்வுல, மிச்ச ரத்தம் வடிய டிரெய்ன் டியூப் வெக்காதவங்கள்ல 100க்கு 24 பேருக்கும், வெச்சவங்கள்ல 9 பேருக்கும் திரும்ப ஆபரேஷன் தேவைப்பட்டுச்சு. அதனால டிரெய்ன் டியூப் இருந்தா யாரும் அத இழுத்து பாக்காதீங்க. ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை ஏற்கனவே போட்டுட்டு இருந்தா, எப்ப திரும்ப தொடங்கணும்னு கேட்டுட்டுதான் தொடங்கணும். படுக்கறதும் டாக்டர் சொன்னபடிதான், பாசத்துல மூணு தலைகாணி அடுக்க வேணாம்.

ஃப்ளைட் இப்ப வேணாம். மேல கேபின்ல அழுத்தம் கிட்டத்தட்ட ஊட்டி உயரத்துல இருக்கற அளவுக்கு குறையும், உள்ள இருக்கற காத்து விரியும். காத்து போயிடுச்சுன்னு ஸ்கேன்ல பாத்து டாக்டர் சரின்னு சொல்லட்டும். பாக்கணும்னா உங்க தம்பி ராத்திரி பஸ் ஏறி வரட்டும்.

கேள்வி: அக்காவுக்கு மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பில வந்த கட்டிய மூக்கு வழியா எடுத்து பத்து நாள் ஆகுது. காலைல கோலம் போட குனிஞ்சா ஒரு பக்க மூக்குலேருந்து சொட்டு சொட்டா தண்ணி, கோலமாவு மேலயே விழுது. சளின்னு நினைச்சு ஆவி புடிச்சாங்க. சரியா?
- வாசகி, வில்லியனூர்

பதில்: இல்லம்மா, இன்னைக்கே ஆபரேஷன் பண்ண சர்ஜன்கிட்ட போங்க. சளின்னா பிசுக்குன்னு இருக்கும், கர்சீஃப்ல காஞ்சா மொடமொடன்னு ஆகும். தெளிஞ்ச தண்ணியா, குனியும்போது மட்டும், தொண்டைல உப்பு கரிச்சுட்டு வந்தா அது மூளைய சுத்தி இருக்கற நீரா இருக்கலாம். அந்த நீர் ஒரு நேரத்துக்கு 150 மில்லிதான் இருக்கும், ஆனா உடம்பு தினமும் 500 மில்லி கிட்ட புதுசா சுரக்குது, அதனால ஓட்டை இருந்தா ஒழுகிட்டே இருக்கும். நீர் வெளிய வர்ற வழில கிருமி உள்ள போனா மூளைக்காய்ச்சல். நீர் போற இடத்துக்கு காத்தும் ஏறும். பீட்டா டூ டிரான்ஸ்ஃபெரின்னு ஒரு டெஸ்ட் இருக்கு, அந்த தண்ணிய புடிச்சு பாத்து உறுதி பண்ணிடுவாங்க. சில பேருக்கு படுக்க வெச்சாலே அடைஞ்சிடும், சில பேருக்கு திரும்ப உள்ள போய் அடைக்கணும்.

போற வரைக்கும் மூக்க சிந்தக் கூடாது, தும்மல் வந்தா வாய திறந்து தும்மணும், முக்கக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, ஆவி வேணவே வேணாம். காய்ச்சலோட கழுத்து விறைச்சா, இல்ல வெளிச்சம் பாத்தா கண் கூசினா அவசர பிரிவுக்கே போயிடுங்க, டிஸ்சார்ஜ் சம்மரிய மறக்காம எடுத்துட்டு போங்க. கோலத்த இப்போதைக்கு நீங்க போடுங்க.