மீதிப் பணம் கொடுத்தால்தான் மீதி வேலை என்கிறார் கான்ட்ராக்டர். கொடுக்கலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான். குளியலறையையும் சமையலறையையும் புதுப்பிக்க மொத்தமாக ஒரு தொகை பேசி வேலையைக் கொடுத்தீர்கள். அதில் 80 சதவீதம் கைமாறிவிட்டது, வேலை பாதியில் நிற்கிறது. போன் செய்தால் "ரெண்டு நாள்ல ஆள் வந்துரும்" என்கிறார், ஆள் வருவதில்லை. மீதி 20 சதவீதத்தையும் கொடுத்தால்தான் முடிக்க முடியும் என்று இப்போது சொல்கிறார். கொடுப்பதா, வேறு ஆளை வைப்பதா, வழக்குப் போடுவதா என்று கேட்கிறீர்கள்.

பணம் கொடுக்காதீர்கள். வேறு ஆளையும் இன்றைக்கே இறக்காதீர்கள். முதலில் அளவு எடுங்கள்.

கட்டட வேலைகளை அளந்து பில் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. இந்த மாதிரிச் சண்டைகளுக்கு இரண்டு பக்கத்தாரும் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போய் நின்றதும் வீட்டுக்காரர், "ஒண்ணுமே செய்யலைங்க" என்பார். கான்ட்ராக்டர், "எல்லாம் முடிஞ்சிருச்சு, ஃபினிஷிங் மட்டும்தான் பாக்கி" என்பார். இரண்டு பேரும் மனதறிந்து பொய் சொல்வதில்லை. ஒருவர் கண்ணுக்குக் குளிக்க முடியாத குளியலறை தெரிகிறது, இன்னொருவர் கண்ணுக்குத் தான் ஏற்கெனவே கூலி கொடுத்துத் தீர்த்த வேலை தெரிகிறது. டேப்பை விரித்து ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்ததும் இரண்டு பக்கமும் சத்தம் குறையும். எத்தனை சதுர அடி டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது என்று குரலை உயர்த்திச் சண்டை போட முடியாதல்லவா.

"ஃபினிஷிங் மட்டும்தான்" என்ற பேச்சைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இடிப்பது, சுவரில் காடி எடுத்துப் பைப் புதைப்பது, பூச்சு, டைல்ஸ் எல்லாம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும், வேகமாகவும் நடக்கும். அதனால் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது போலத் தோன்றும். உண்மையில் பாக்கி நிற்பது என்ன? கம்மோடு அட்டைப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. சுவிட்ச் பாக்ஸில் வயர்கள் டேப் சுற்றித் தொங்குகின்றன. குழாய்கள், கதவு, டைல்ஸ் இடுக்கை அடைக்கும் கிரௌட், பட்டி, பெயின்ட், கவுன்டர் கல் ஓரம் பாலிஷ், ஜன்னலைச் சுற்றி விட்டுப்போன பூச்சு. ஒவ்வொன்றும் துண்டு துண்டு வேலை, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆள். பிளம்பர் வந்து போனால்தான் கார்பென்டர், அவர் முடித்தால்தான் பெயின்டர். ஒரு மணி நேர வேலையாக இருந்தாலும் ஆளுக்கு அரை நாள் கூலியாவது கொடுத்தாக வேண்டும். பாக்கி கொஞ்சம்தானே என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். கான்ட்ராக்டர்கள் நழுவுவதும் இந்தக் கட்டத்தில்தான், ஏனென்றால் லாபம் முழுக்க முன்பகுதியிலேயே வந்துவிட்டது.

அளவை இப்படி எடுங்கள். பேசிய வேலைகளை வரிசையாக எழுதி ஒவ்வொன்றுக்கும் எதிரே முடிந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு, சரியில்லாதது எது என்று குறியுங்கள். "டைல்ஸ் வேலை மோசம்" என்று எழுதினால் யாருக்கும் உதவாது. "ஷவருக்கு எதிர்ச் சுவர், தரையிலிருந்து மூன்றாவது வரிசையில் நான்கு டைல்ஸ் தட்டினால் வெற்றுச் சத்தம் வருகிறது" என்று எழுதினால் கான்ட்ராக்டரே வாயை மூடிக்கொள்வார். ஒரு நாணயத்தால் தட்டினாலே போதும். பின்னால் கலவை முழுதாகப் பிடித்திருக்கும் இடத்தில் கெட்டியான சத்தம் கேட்கும், காலியாக இருக்கும் இடத்தில் டொக்கென்று கேட்கும். தரையில் ரசமட்டத்தை வைத்து வாட்டம் பாருங்கள். குளியலறைத் தரை மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது ட்ரெயினை நோக்கி இறங்க வேண்டும். ரசமட்டம் இல்லையென்றால் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு அது எங்கே தேங்குகிறது என்று போட்டோ எடுங்கள்.

தண்ணீர் கசியாமல் தடுக்கும் வாட்டர்ப்ரூஃபிங்தான் ரொம்ப முக்கியம், ஏனென்றால் டைல்ஸ் ஒட்டிவிட்டால் அது கண்ணில் படாது. டைல்ஸ் ஒட்டும் முன் ட்ரெயினை அடைத்துத் தண்ணீர் கட்டி 24 மணி நேரமாவது விட்டுப் பார்த்தார்களா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவும் குறிப்பில் ஏறட்டும். வேலை இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லையென்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான், நீங்களே நின்று பார்த்துவிடலாம். வீட்டில் கிடக்கும் சாமான்களையும் எண்ணி வையுங்கள்: பிரிக்காத டைல்ஸ் பெட்டி, பைப், வயர் சுருள், மூலையில் இறுகிப்போன சிமென்ட் மூட்டை வரைக்கும். முடிந்தால் கான்ட்ராக்டரை வரவழைத்து ஒன்றாக அளந்து இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வரவில்லையென்றால் வெளி ஆள் ஒருவரை, வேலையை முடித்துத் தரப்போகிற புது கான்ட்ராக்டராக இல்லாத ஒருவரை, வைத்து அளந்து தேதியோடு எழுதி வாங்குங்கள். புதிதாக வருபவர் எவரும் பழைய ஆள் செய்ததைப் பார்த்து "இதெல்லாம் வேலையா? எல்லாத்தையும் இடிக்கணும்" என்றுதான் ஆரம்பிப்பார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம், ஆனால் அதில் அவருக்கு லாபம் இருக்கிறது.

அடுத்தது கணக்கு. கிட்டத்தட்ட எல்லோரும் தப்பாகப் போடும் கணக்கு இது. பேசிய தொகை 100, கொடுத்தது 80, நடந்த வேலையின் மதிப்பு 55 என்று வைத்துக்கொள்வோம். "25 எனக்குத் திருப்பித் தரணும்" என்பார் வீட்டுக்காரர். அது சரியில்லை. மீதியை இன்னொருவரை வைத்து முடிக்கவும் கோளாறானதைச் சரிசெய்யவும் 60 ஆகும் என்றால், மொத்தச் செலவு 140. பேசியது 100. உங்கள் நஷ்டம் 40. அதே வேலை 30-க்குள் முடிந்துவிட்டால் நஷ்டம் 10 மட்டும்தான், ஆள் எவ்வளவு மோசமாக நடந்துகொண்டிருந்தாலும். கோபத்துக்கு இதில் இடமில்லை. பேசியதைவிட உயர்ந்த ரகக் குழாயைப் போட்டுவிட்டு அந்த வித்தியாசத்தையும் அவர் தலையில் கட்ட முடியாது. நியாயமான செலவுதான் எண்ணிக்கையில் வரும். அதனால் இரண்டு மூன்று பேரிடம் எழுத்தில் விலை வாங்குங்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் அரைகுறை வேலையை நீதிமன்றம் எப்படிப் பார்க்கிறது என்று புரிந்துகொள்ள இங்கிலாந்தின் சில பழைய வழக்குகள் நல்ல உதாரணம். 1952-இல் ஹோனிக் எதிர் ஐசக்ஸ் வழக்கில், 750 பவுண்டுக்கு ஒரு ஃபிளாட்டை அலங்கரித்துத் தளவாடமும் செய்து தருவதாகப் பேச்சு. அலமாரிக் கதவு ஒன்றும் புத்தகத் தட்டு ஒன்றும் சரியில்லை. சரிசெய்ய 56 பவுண்டுக்குச் சற்றுக் குறைவாக ஆகும். வீட்டுக்காரர் மீதிப் பணம் தர மறுத்தார். வேலை பெரும்பாலும் முடிந்தது, சரிசெய்யும் செலவைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடு என்றது நீதிமன்றம். இருபது வருடம் கழித்து போல்டன் எதிர் மகாதேவா வழக்கில் 560 பவுண்டுக்கு வீட்டைச் சூடாக்கும் அமைப்பு. அறைகள் ஒரே சீராகச் சூடாகவில்லை, புகை வந்தது. சரிசெய்ய 174 பவுண்டு ஆகும். அங்கே வேலை செய்தவருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. முதலாவதில் கோளாறு நூற்றுக்கு ஏழெட்டுதான், இரண்டாவதில் முப்பதைத் தாண்டுகிறது. அதோடு, வீட்டைச் சூடாக்காத ஹீட்டர் எதற்கு? உங்கள் வழக்கு இந்த இரண்டில் எதன் பக்கம் சாய்கிறது என்பதையும் உங்கள் அளவுதான் சொல்லும்.

இன்னொன்று, 1898-இல் நடந்த சம்ப்டர் எதிர் ஹெட்ஜஸ். 565 பவுண்டுக்கு ஒப்புக்கொண்ட கட்டட வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, கையில் காசில்லை என்று ஒதுங்கிவிட்டார் கட்டியவர். செய்த வரைக்குமான கூலியைக் கேட்டு வழக்குப் போட்டார், கிடைக்கவில்லை. ஆனால் அவர் சைட்டில் விட்டுப்போன சாமான்களை எடுத்து வீட்டுக்காரர் மீதியைக் கட்டிக்கொண்டார். அந்தச் சாமான்களுக்கு விலை கொடுக்கத்தான் வேண்டும் என்று தீர்ப்பு. நான் சாமான்களை எண்ணி வைக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

இனி ஆள் விஷயம். வேலை நிற்பதற்குப் பொதுவாக ஒரே காரணம், பணம் சுழலவில்லை. உங்கள் அட்வான்ஸ் முந்தைய சைட்டின் கடனுக்குப் போயிருக்கும். உங்கள் வேலையை முடிக்க அடுத்த சைட் அட்வான்ஸ் வர வேண்டும். ஒரு குழியை மூட இன்னொரு குழி. நல்ல கைவேலைக்காரர்கள்கூட இதில் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் எடுத்த எடுப்பில் திருடன் என்று முடிவுகட்ட வேண்டாம். ஆனால் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. "மீதியில் சாமான்களை நானே வாங்கித் தருகிறேன். கூலியை முடிந்த வேலைக்கு வாராவாரம் தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் வேலையை முடிக்க நினைப்பவர் முகம் சுளித்தாலும் ஒத்துக்கொள்வார். "கைக்குப் பணம் வந்தாத்தான்" என்று ஒற்றைக்காலில் நிற்பவருக்கு அந்தப் பணம் வேறெங்கோ போக வேண்டியிருக்கிறது.

ஒத்துக்கொண்டால், மீதி 20-ஐ நான்கைந்து துண்டாக்கி, ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய ஒரு வேலையோடு கட்டுங்கள்: கம்மோடும் குழாய்களும் பொருத்தித் தண்ணீர் விட்டுக் காட்டியதும் இவ்வளவு, சமையலறைக் கவுன்டர் முடிந்ததும் இவ்வளவு என்று. தேதியைப் பார்த்துப் பணம் கொடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள், வேலையைப் பார்த்துக் கொடுங்கள். மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதம் வரை சில மாதம் பிடித்து வைப்பது இந்தத் தொழிலில் சாதாரண வழக்கம். கேட்டால் அவருக்குக் கோபம் வரக் காரணமில்லை.

ஒத்துக்கொள்ளவில்லை, போனும் எடுக்கவில்லை என்றால் ஒரு கடிதம். பாக்கி வேலைப் பட்டியல், கோளாறுப் பட்டியல், வேலையைத் திரும்பத் தொடங்க ஒரு தேதி, முடிக்க ஒரு தேதி, தவறினால் வேறு ஆளை வைத்து முடித்துச் செலவை உங்களிடம் வசூலிப்பேன் என்ற ஒரு வரி. கிடைத்ததற்கு அத்தாட்சி வரும் வழியில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். திட்டி ஒரு சொல்கூட வேண்டாம், அதை நாளைக்கு மூன்றாவது மனிதர் படிப்பார். இந்தக் கெடு கொடுக்காமல் பூட்டை மாற்றிப் புது ஆளை இறக்கினால், "நான் முடிக்கத் தயாராத்தான் இருந்தேன், அவங்கதான் உள்ள விடலை" என்று அவர் சொல்ல வழி பிறந்துவிடும். புது ஆள் கைவைத்த பிறகு எது யார் செய்த கோளாறு என்று பிரிப்பது பெரும்பாடு. ஈரச் சுவர் விஷயத்தில் அது கிட்டத்தட்ட முடியவே முடியாது.

எக்ஸ்ட்ரா வேலைக்கும் தயாராக இருங்கள். கணக்கு என்று உட்கார்ந்ததும் அவர் ஒரு தாளை எடுப்பார்: கூடுதலாக இரண்டு பிளக் பாயின்ட், மாற்றிக் கேட்ட டைல்ஸ், நகர்த்திய சிங்க். இதில் வீட்டுக்காரர்கள் பக்கம் நியாயம் குறைவு என்று பல தடவை பார்த்திருக்கிறேன். நடந்துபோகிற போக்கில் மேஸ்திரியிடம் "இதையும் அப்படியே சேர்த்துப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு அது இலவசம் என்று நினைத்துக்கொள்வார்கள். நீங்கள் கேட்டுச் செய்தது என்றால் நியாயமான விலையை ஒப்புக்கொண்டு மேலே சொன்ன கணக்கில் அவர் பக்கம் வையுங்கள். பேசவே இல்லாததை மறுங்கள். உண்மையானதை ஒப்புக்கொண்டால் மற்றதை மறுக்கும்போது உங்கள் பேச்சுக்கு மதிப்பு இருக்கும்.

ஒருநாள் டைல்ஸ் ஒட்டியவர் உங்கள் வீட்டு வாசலில் வந்து, "எங்களுக்குக் கூலியே வரலை" என்று நிற்கலாம். பாவமாகத்தான் இருக்கும். நேரடியாகக் கொடுப்பதென்றால், இன்னாருக்கு இவ்வளவு, என் பாக்கியில் கழித்துக்கொள்ளலாம் என்று கான்ட்ராக்டரிடம் ஒரு மெசேஜாவது வாங்கிவிட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் போகும்.

வழக்கு என்பது அதற்கும் பிறகு. தொகை சிறியதென்றால் வக்கீல் இல்லாமலே போகக்கூடிய நுகர்வோர் மன்றமோ சிறுவழக்கு நீதிமன்றமோ பல நாடுகளில் உண்டு. பெரியதென்றால் கடிதத்தோடும் அளவோடும் முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள். கேட்கும் தொகையைவிடச் செலவு அதிகம் என்று தெரிந்தால் குறைத்துப் பேசி முடித்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

எப்படி முடித்தாலும், கடைசிப் பணம் கைமாறும் முன் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்கிவிடுங்கள்: சுவருக்குள் பைப்பும் வயரும் எந்த வழியாகப் போகின்றன என்று கையால் போட்ட படமாவது ஒன்று, மூடும் முன் எடுத்த போட்டோக்கள் இருந்தால் அவை, ஹீட்டர், குழாய் போன்றவற்றின் பில்லும் வாரன்டி அட்டையும். பெரும்பாலும் அவை மேஸ்திரியின் போனிலும் வண்டி டிக்கியிலும்தான் கிடக்கும். கணக்குத் தீர்ந்த பிறகு கேட்டால் போனை எடுக்க மாட்டார்.